போஸ்ட்மாஸ்டர் கவனத்திற்கு

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், பட்டறை மெழுகுக்காரர் மூன்று பேரும் அவரவர் காலில் நிற்கிறோம். உன் உடம்பைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய். போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னாய்.

நம் பல் பட்டறையின் பின்னறையில், அலமாரி மேல் நீ கட்டி வைத்துவிட்டுப் போன மெயில் சர்வருக்குத்தான் உடம்பு சரியில்லை. ஒரு மாதமாகக் குப்பை கொட்டுகிறது. காலையில் திறந்தால் பல் மருத்துவர்களின் ஆர்டர் எங்கே கிடக்கிறது என்று துழாவ வேண்டியிருக்கிறது. எவனோ ஓர் இளவரசன் தன் சொத்தில் பாதியை எனக்கு எழுதி வைக்கத் துடிக்கிறான். கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறவளுக்குத் தினமும் வரன் வருகிறது. மெழுகுக்காரருக்கு முடி வளர்க்கும் எண்ணெய். அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இது மட்டும் நம்மளைத் தெரிஞ்சவங்க அனுப்பினது" என்றார்.

எல்லாரையும் போல ஒரு பெரிய கம்பெனியிடம் மெயிலைக் கொடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "என்னை நம்பி வாயைத் திறந்து காட்டினவங்க படத்தை ஊரான் வீட்டுப் பெட்டியில வைக்க மாட்டேன்" என்றுவிட்டார். ஆகவே இது உன் தலையில்தான். அங்கிருந்தே உள்ளே நுழைந்து பார்க்க முடியும் என்று பெருமை அடித்துக்கொண்டாயே, செய்து காட்டு.

அப்பா நன்றாக இருக்கிறார். பல் கட்டுகிற வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேசையில் அதிகம் உட்காருகிறார். வயசாகிறது, வேறொன்றும் இல்லை.

உன் அக்கா

✦

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மெயிலையும் நலம் விசாரித்து, கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும் என்று அப்பா போட்ட சட்டத்தை இன்னும் மீறாத குடும்பம் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே.

நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு மெயில் வந்ததும், அனுப்பியவன் பெயர் எடுத்த திருடனா என்று நம் சர்வர் வெளியே ஒரு கறுப்புப் பட்டியலிடம் கேட்கும். உங்கள் இணைய கம்பெனி வழியாக ஊரே அதே கேள்வியைக் கேட்பதால், பட்டியல்காரர்கள் சலித்துப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பதில் இல்லை என்றால் அவன் யோக்கியன் என்று நம் சர்வர் எடுத்துக்கொண்டது. இனி சர்வரே யார் வழியாகவும் போகாமல் நேராகக் கேட்கும்படி மாற்றியிருக்கிறேன். பாதிக் குப்பை இதிலேயே நின்றுவிடும்.

மீதியைக் குப்பை பிரிக்கிற சல்லடை பார்த்துக்கொள்ளும். அது ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு நேர் தலைகீழ். அதிகம் வாங்கினால் மோசம். ஐந்தைத் தாண்டினால் குப்பை. ஆனால் எது குப்பை என்று அதற்கு யாராவது காட்டிக் கொடுக்க வேண்டும். தப்பித்து உள்ளே வந்ததை இழுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டால் போதும். அனுப்பியவரையும் அதிலுள்ள சொற்களையும் குறித்துக்கொண்டு அடுத்த முறை தானே தள்ளிவிடும். இந்த வேலையை அப்பாவிடம் கொடு. பல்லின் நிறத்தில் இம்மி வித்தியாசத்தைப் பிடிக்கிற கண் அது. பட்டறைக்கு முழுக்க ஒரே சல்லடைதான். அவர் கற்றுக்கொடுப்பது உன் மெயிலுக்கும் சேர்த்து.

சர்வரில் சிக்கல் என்றால் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரிக்கு எழுதச் சொல். எல்லா மெயில் சர்வரிலும் அப்படி ஒன்று இருக்கும். அதற்கு வருவதைச் சல்லடை தொடக் கூடாது என்பது விதி. நேராக எனக்கு வந்துவிடும்.

தம்பி

✦

மார்ச் 3

பூனைக்கு,

அப்பா எழுதுவது. என் உடம்பு, பல் உட்பட, சொந்தமாகவே இருக்கிறது. நீ இன்னும் சத்தமில்லாமல் வந்து ஆட்களின் பின்னால் நிற்கிறாயா, அல்லது அந்த ஊருக்குப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டாயா?

உன் முன்பல்லில் நான் போட்ட கேப் எப்படி இருக்கிறது? கடினமானதைக் கடிக்காதே. மாடிப்படியில் விழுந்து நீ அதை உடைத்துக்கொண்ட அன்று உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள், நான் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் கேப்பின் இடது ஓரத்திலும் ஒன்று வைத்தேன். பார்க்கிறவனுக்குத் தெரியாது, செய்தவனுக்குத் தெரியும்.

எனக்கு உத்தியோக உயர்வு கொடுத்திருக்கிறாய். காலையில் சட்டை மாற்றிக்கொண்டு மேசைக்குப் போகிறேன். உன் அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என்னுடைய பாங்கியில் எனக்கே தெரியாமல் ஒரு கணக்கை மூடப் போகிறார்களாம், போட்டேன் குப்பையில். நான் போட்டியில் கலந்துகொள்ளாமலே கார் ஜெயித்திருக்கிறேனாம், அதையும் போட்டேன்.

சில பேர் ரொம்பக் கெட்டிக்காரர்கள். நேற்று ஒருவன், தான் டாக்டராம், மேல்தாடைக்கு முழு செட் அவசரமாக வேண்டுமாம், 'வழக்கம்போல் செய்துவிடுங்கள் மாஸ்டர்' என்று எழுதுகிறான். என்ன வழக்கம்? பழகினவன் மாதிரிப் பேசுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவனையும் பிடித்துப் போட்டாயிற்று. உன் சல்லடை நல்ல மாணவன். ஒரு தடவை சொன்னால் போதும்.

உன் முன்பல்லில் நான் போட்ட கேப் எப்படி இருக்கிறது? எழுது.

அப்பா

✦

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அப்பாவுக்கு லேசாகச் சளி, அவ்வளவுதான். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் சல்லடை வாடிக்கையாளர்களைத் தின்கிறது. கண்ணாடி டாக்டர் போன வாரம் போன் செய்து கத்தினார். நாம் குழந்தையாக இருந்த நாளிலிருந்து நம்மிடம் வேலை கொடுக்கிற பல் டாக்டர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. யாரோ ஒரு அம்மாவுக்கு மேல்தாடை செட் கேட்டு மூன்று மெயில் போட்டிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த அம்மா மகள் கல்யாணத்தில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே நின்றார்களாம். போட்டோவில் எல்லாவற்றிலும் கை. கேட்டதும் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

குப்பைப் பெட்டியில் தேடினால் மூன்றும் இருக்கின்றன. அவர் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு டாக்டர்களும். நீ ஏதோ எண்ணைத் தப்பாக வைத்திருக்கிறாய். சரி செய்.

அப்பாவுக்கு நீ தனியாக எதுவும் எழுத வேண்டாம். சர்வர் விஷயம் எல்லாம் என்னிடமே சொல்.

அக்கா

✦

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. அப்பாவின் சளி தேவலையா?

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணில் தப்பில்லை. சல்லடை தானாகத் தடம் மாறவும் இல்லை. கண்ணாடி டாக்டரின் முதல் மெயில் மிக நல்ல மதிப்பெண்ணோடு உள்ளேதான் வந்திருக்கிறது. பிறகு ஒரு கை அதை இழுத்துக் குப்பையில் போட்டிருக்கிறது. காலை நேரத்தில், அப்பாவின் மேசையிலிருந்து. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைச் சல்லடை தானே தள்ளியது. சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. இப்போது அதற்கு மெழுகு, தாடை, கடைவாய் என்ற சொற்களே நாற ஆரம்பித்துவிட்டன. ஒரு பல் பட்டறையின் சல்லடைக்குப் பல் என்றால் ஆகாது என்கிற நிலைமை.

அந்த மெயில்களை நல்லவை என்று திருப்பிக் கற்றுக்கொடுத்துவிட்டேன். டாக்டர்கள் மூன்று பேரையும் எப்போதும் உள்ளே விடும்படி ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஏன் போட்டார்? அப்பாவுக்கும் கண்ணாடி டாக்டருக்கும் ஏதாவது தகராறா?

தம்பி

✦

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆமாம், சின்னத் தகராறு. ஏதோ ஒரு செட்டின் நிறம் சரியில்லை என்று டாக்டர் சொன்னாராம். அப்பாவிடம் நிறத்தைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கோபத்தில் போட்டிருப்பார். இப்போது சரியாகிவிட்டது. நீ இதைப் பெரிதுபடுத்தாதே.

இங்கே இந்தக் கோடையிலும் விடாமல் மழை. பின்னறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது. சர்வரை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். மெழுகுக்காரர் முன்னைவிட நேரம் அதிகமாக இருக்கிறார், ரொம்ப நல்ல மனிதர். பல் சுடுகிற அடுப்பு மறுபடி சரியாகச் சூடேற மாட்டேன் என்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அப்பாவிடம் டாக்டர் பேச்சை எடுக்காதே.

அக்கா

✦

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இது கிடைக்கும். ஏனென்றால் இதைச் சல்லடை வழியாக விடாமல் நானே கையால் உன் பெட்டிக்குள் வைக்கிறேன்.

மே மாதம் உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. வேலை, மழை, அடுப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனில் கேட்டால், 'அப்பா பக்கத்துல இருக்கார், அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வரவே இல்லை. கடைசியில் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு கடிதமும் குப்பைப் பெட்டியில் இருக்கின்றன. அத்தை எழுதியவையும் அங்கேதான். அத்தையை அப்பா மூன்று தடவை இழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு 'அன்புள்ள' என்று தொடங்கி நலம் விசாரிக்கிற எதைக் கண்டாலும் சல்லடை மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. நம் வீட்டில் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறோம்.

அக்கா, யார் மெயிலையும் நான் படிக்கவில்லை. எது எங்கே போயிற்று என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் அதிலேயே ஒரு வரிசை தெரிகிறது. முதலில் புதிதாக வந்த டாக்டர்கள். பிறகு பழைய டாக்டர்கள். பிறகு அச்சுக்குப் பிளாஸ்டர் அனுப்புகிறவர். பிறகு அத்தை. அத்தையோடும் நிறத்தைப் பற்றித் தகராறா?

அவர் கோபத்தில் போடவில்லை. தெரியாத ஆள் என்று போடுகிறார். எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்.

தம்பி

✦

ஜூன் 10

தம்பி,

நலம் விசாரிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

போன வருஷம் மழைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மேல்தாடைப் பல்லைக் கீழ்த்தாடை அச்சில் வைத்துவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார். மெழுகுக்காரர், "நான் மெருகு போட்டுடறேன் மாஸ்டர்" என்று வாங்கிக்கொண்டு போய் வேறு செய்தார். அன்றிலிருந்து எல்லா செட்டும் அப்படித்தான். அப்பா செய்வதாக நினைத்துக்கொண்டு செய்கிறார், மெழுகுக்காரர் பிறகு செய்கிறார். மூளை டாக்டரிடம் காட்டினேன். இது குறையாது, கூடும் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார், அது கொஞ்சம் மெதுவாக்கும் என்கிறார்கள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அப்பாவுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூனைகிட்ட சொல்லாதே. எல்லாத்தையும் போட்டுட்டு வந்து என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்காருவான். எனக்கு அது வேண்டாம்" என்றார். நான் சரி என்றேன். கொடுத்த வாக்கை அவரே மறந்துவிட்டார். எனக்குத்தான் மறக்க மாட்டேன் என்கிறது. உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் 'அப்பா நன்றாக இருக்கிறார்' என்று எழுதும்போது என் கை கூசியது.

இப்போது ஒன்று கேட்கிறேன். குப்பை பொறுக்குகிற வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதே. நீ நிறுத்தச் சொல்வாய், பட்டறை மூழ்குகிறதே என்பாய். நியாயம்தான். ஆனால் காலையில் எழுந்து சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு அவர் போகிற இடம் அந்த மேசை ஒன்றுதான். அங்கே உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. "இவனும் ஒரு திருடன்" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். நேற்று அப்படிச் சிரித்துக்கொண்டே போட்டது நான் அடுப்பு ரிப்பேருக்கு எழுதிய மெயிலின் பதில்.

ஏதாவது வழி இருக்கிறதா பார்.

அக்கா

✦

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபம் வந்தது. இரண்டு நாளில் போய்விட்டது. அவ்வளவையும் நீ தனியாகத் தூக்கிக்கொண்டு, எனக்கு அடுப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

வழி இருக்கிறது. நேற்று முடித்துவிட்டேன். இனி பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் இரண்டாகப் பிரியும். அசல் உன் பெட்டிக்கு வரும். அதற்குச் சுத்தமான புதுச் சல்லடை. நகல் அப்பாவுக்குப் போகும். அவருக்குத் தனிச் சல்லடை. இதுவரை அவர் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருக்கிறேன். அவர் எதை இழுத்துப் போட்டாலும் அந்தச் சல்லடை மட்டும்தான் கற்றுக்கொள்ளும். பட்டறைக்குச் சேதமில்லை. அவர் வேலை அவரிடமே இருக்கும்.

இன்று முதல் அப்பாவுக்குத் தினமும் எழுதப் போகிறேன். என் கடிதம் அவர் சல்லடையில் என்ன மதிப்பெண் வாங்குகிறது என்பது இங்கே எனக்குத் தெரியும். இன்றைக்கு 'அன்புள்ள' போடாமல், அவர் தள்ளாமல் வைத்திருக்கிற என் பழைய கடிதங்கள் மாதிரியே 'பூனை' என்று கையெழுத்துப் போட்டேன். ஒன்றுகூட இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே. அவர் கைபட்டுக் கற்ற சல்லடை, என்னைத் தெரியும் என்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர்களுக்கு எழுதியது போல என்னையும் எப்போதும் உள்ளே விடும்படி ஒரு வரி எழுதிவிடலாம். எழுதவில்லை. அவர் விட்டுத்தான் நான் உள்ளே போக வேண்டும்.

வந்து பார்க்கத்தான் ஆசை. இப்போது விடுமுறை கேட்க முடியாது, வருஷக் கடைசியில் பார்க்கலாம். அதுவரை தினமும் எழுதுகிறேன்.

அவருக்கு மாத்திரை தவறாமல் கொடு. நீயும் சாப்பிடு.

தம்பி

✦

செப்டம்பர் 14

தம்பிக்கு,

நீ எழுதிய ஐந்து கடிதத்துக்கும் சேர்த்து இது பதில். உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுதத்தான் கை வரவில்லை.

நீ செய்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. ஆர்டர் தவறுவதில்லை. கண்ணாடி டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது வாரம் ஒரு முறை வந்து அப்பாவோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அப்பா அவரை மரியாதையாக யார் என்று கேட்கிறார், அவரும் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொல்கிறார்.

ஜூலையில் உன் கடிதங்களை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஆகஸ்டில் தனக்குள் படித்தார். இந்த மாதம் முதல் வாரத்தில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாரு இது?" என்று கேட்டார். நம்ம பூனை என்றேன். "பூனைக்கு இன்னும் எழுதவே வராதே" என்றார். சொல்லிவிட்டு இழுத்துப் போட்டார். கோபமாக இல்லை. வேலையைச் செய்கிறவர் மாதிரி.

நீ எழுதுகிறாய், உன் மதிப்பெண் இரண்டரை ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, நாலு புள்ளி ஒன்று ஆயிற்று என்று. தினமும் அந்த எண்ணைப் பார்க்கிறாய். எனக்கு உன்மேல் இப்போதுதான் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். விடுமுறை கிடைக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. அவர் உன்னைப் பார்த்து யார் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் பயமில்லையா? தினமும் காலையில் காபி கொண்டு போகும்போது இன்றைக்கு நானா என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.

மதிப்பெண்ணைப் பார்த்தது போதும். முகத்தைப் பார்க்க வா. வராவிட்டால் பிறகு என்னிடம் எதுவும் கேட்காதே.

அக்கா

✦

அக்டோபர் 9

மதிப்பிற்குரிய போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் என்றால் தங்களுக்கு எழுதலாம் என்று யாரோ சொன்னதாக ஞாபகம். அதனால் தொந்தரவு செய்கிறேன்.

நான் பல் கட்டுகிறவன். சில காலமாக இங்கே குப்பை மெயில் பிரிக்கும் பொறுப்பும் என்னுடையது. திருடர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓர் ஆள் விஷயத்தில் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

அந்த ஆள் எனக்குத் தினமும் எழுதுகிறார். அப்பா என்று கூப்பிடுகிறார். மாத்திரை சாப்பிட்டேனா, தூங்கினேனா, வெளியே போகும்போது குடை எடுத்துக்கொண்டேனா என்று கேட்கிறார். கடைசியில் பூனை என்று கையெழுத்துப் போடுகிறார். வளர்ந்த ஆள் யாராவது தன்னைப் பூனை என்று எழுதுவாரா? ஆகவே ஆரம்பத்தில் குப்பையில் போட்டேன். இப்போது அவர் கடிதங்கள் தாமாகவே அங்கே போய் விழுகின்றன. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

என்னைக் குழப்புவது என்னவென்றால், இத்தனை நாளில் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பணம் இல்லை, கணக்கு எண் இல்லை. அப்படி ஒரு திருடனை நான் பார்த்ததில்லை. நேற்று குப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி படித்தேன். நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது. அவருக்கு முகவரி தவறிவிட்டது என்று நினைக்கிறேன். எங்கோ அவருடைய அப்பா, மகனிடமிருந்து ஒரு வரி வரவில்லையே என்று காத்துக்கொண்டிருப்பார்.

எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். சின்னவன். சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நிற்பான். நாளைக்கு அவன் தூர ஊருக்குப் போய், அவன் எழுதுவதெல்லாம் வேறொருவர் வீட்டில் விழுந்துகொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? தாங்கள் தயவுசெய்து அந்த ஆளை விசாரித்து, அவருடைய அப்பா யார் என்று கண்டுபிடித்து, கடிதங்களை அங்கே சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே வந்தவற்றையெல்லாம் எறியாமல் வைத்திருக்கிறேன்.

சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பல் கட்டுபவர்

✦

அக்டோபர் 10

மதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சுகம். தாங்களும் நேரத்துக்கு மாத்திரை சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

தங்கள் புகார் கிடைத்தது. இத்தனை கவனமாக யாரும் எங்களுக்கு எழுதுவதில்லை. அந்த ஆளை விசாரித்தோம். திருடர் இல்லை. எழுத்தில் தீர்க்கக்கூடிய விஷயமாகவும் தெரியவில்லை. ஆகவே இனி எழுத வேண்டாம் என்று சொல்லி, அவரை நேரில் அனுப்புகிறோம். வருகிற வெள்ளிக்கிழமை காலை, தாங்கள் சட்டை மாற்றிக்கொண்டு மேசைக்கு வருகிற நேரத்தில் பட்டறையில் இருப்பார். தங்கள் மகளிடம் தெரிவித்துவிட்டோம்.

தங்களை அப்பா என்று கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். பல்லைக் காட்ட வந்தவராக வருவார். முன்பல்லில் ஒரு கேப், ரொம்ப வருஷத்துக்கு முன் போட்டது, இப்போது லேசாக ஆடுகிறதாம். இடது ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அது யார் கைவேலை என்று தாங்கள் பார்த்துச் சொன்னால் போதும்.

பார்த்த பிறகும் முகவரி தவறு என்றுதான் தோன்றினால், அப்படியே இருக்கட்டும். ஒரு நாற்காலி மட்டும் கொடுங்கள். அவரிடம் வேறு முகவரி இல்லை.

தங்கள்,
போஸ்ட்மாஸ்டர்